ஈயக் கூரை

"யோவ், இன்னா பண்ற? மழ கொட்டிக்கினு கீது, கூரையப் பிரிக்கிறியே!"

கீழே நின்று கத்தினாள் பச்சையம்மா. கூரை மேலிருந்த கணவன் அப்பாவு சுத்தியலால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

திருவொற்றியூரில் அந்த ஆஸ்பெஸ்டாஸ் வீடு, மழை வந்தால் ஏழு இடத்தில் ஒழுகும். தச்சு வேலை செய்யும் அப்பாவு, இரண்டு வருஷத்துக்கு முன் எங்கிருந்தோ ஈயத் தகடுகளைக் கொண்டுவந்து மேலே விரித்து அடித்தான். கப்பல் வேலையில் மிஞ்சியது, தோஸ்து கொடுத்தான் என்றான். அதற்கப்புறம் ஒரு சொட்டு இறங்கவில்லை. மழைச் சத்தம்கூடக் குறைந்துபோனது. பச்சையம்மாவுக்குப் புருஷன் மேல் கொஞ்சம் மரியாதையே வந்துவிட்டது.

இப்போது அதே மனிதன் பிரிக்கிறான். உள்ளே மகள் கார்குழலி, ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கும் வேலை, ஐந்து மாதப் பிள்ளைத்தாச்சி, நனையாத இடம் தேடிப் பாயை இழுத்துக்கொண்டிருந்தாள். ஒழுகாத வீடு என்றுதான் மாமியார் வீட்டில் அவளை இங்கே அனுப்பியிருந்தார்கள்.

பொறுக்க முடியாமல் கார்குழலி வெளியே வந்தாள்.

"எறங்கு நைனா. மத்தியானம் ஆஸ்பத்திரிக்கு எனக்குச் சோறு கொண்டாந்தியே, அப்போ நல்லாத்தானே இருந்தே? நான் குந்திகினு இருந்த எடத்தப் பாத்ததும் மூஞ்சி செத்துப்போச்சு."

"நீ வாசல்லதானே டோக்கன் குடுப்பே? உள்ள எப்போ போனே?"

"மூணு மாசம் ஆச்சு. புள்ளத்தாச்சி, வாசல்ல வெயில் அடிக்குதுன்னு பாவம் பாத்து உள்ள போட்டாங்க. அங்க நீ அடிச்ச பலகைத் தடுப்பு கீதே, நாள் பூரா அதுலதான் சாஞ்சிகினு கீறேன். உன் மேலயே சாஞ்சா மாதிரி கீது நைனா."

அப்பாவு சுத்தியலை வைத்துவிட்டு மழையில் அப்படியே உட்கார்ந்தான்.

"நாளைக்கு வேலைக்குப் போவாத கண்ணு."

"ஏன்?"

"போவாதன்னா போவாத."

பச்சையம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "மூள கலங்கிப்போச்சு இந்தாளுக்கு! வயித்துல கீற புள்ளய நெனச்சாவது நிறுத்துயா!"

"அத நெனச்சுதான்டி பிரிக்கிறேன்."

கடைசித் தகடும் கழன்றது. வீட்டுக்குள் பழைய ஏழு இடத்திலும் தண்ணீர் இறங்கியது. அப்பாவு ஒரு தகட்டைச் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினான்.

"எங்கயா போற?"

"இவ ஆஸ்பத்திரிக்கு."

இரண்டு வருஷத்துக்கு முன் அந்த ஆஸ்பத்திரியில்தான் இந்தத் தகடுகளை அவனிடம் கொடுத்தார்கள். எக்ஸ்ரே அறையின் கதிர் இந்தப் பக்கம் வராமலிருக்க, அந்தத் தடுப்பின் இரண்டு பலகைக்கும் நடுவில் வைத்து அடிக்கச் சொல்லி.