எட்டு மணிக் கதவு

எட்டாக ஒரு நிமிடம்தான் இருக்கிறது. நியூ மெக்சிகோ மலையடிவாரத்தில், பெற்றோரும் சேர்ந்து நடத்தும் சின்ன சார்ட்டர் பள்ளியின் கண்ணாடிக் கதவைப் பிடித்தபடி யெசீனியா நிற்கிறாள். வாசல் காவல் இன்று அவள் முறை. எட்டுக்குக் கதவைச் சாத்த வேண்டும் என்று பெற்றோர் கூட்டத்தில் அடம்பிடித்தவளே அவள்தான். பத்தொன்பது நாளாக இரண்டாம் வகுப்பில் யாருமே தாமதமில்லை. இருபது நாள் என்ற இலக்கை எட்ட இன்று இன்னும் வரவேண்டியது ஒரே பிள்ளை, அவள் மகள் இட்செல். பனிச்சேற்றில் சறுக்கிச் சறுக்கி, மகளைத் தோளில் சுமந்து ஓடிவருகிறான் கணவன் ரமீரோ. "ஓடுங்க, இட்செல் அப்பா, ஓடுங்க!" என்று ஜன்னல்களைப் பிள்ளைகள் தட்டுகிறார்கள். "சாத்திடாதடி, வந்துட்டோம்!" என்று ரமீரோ கூவுகிறான். "உனக்காகவெல்லாம் நிக்காது, ஓடுய்யா!" என்று கத்துகிறாள் யெசீனியா. இட்செல் துள்ளி உள்ளே விழ, மணி அடிக்கிறது. கூச்சலில் கட்டடமே அதிர்கிறது. யெசீனியா கதவைச் சாத்துகிறாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம், மகள் காலிலிருந்து கழன்ற ஒற்றை பூட்ஸைத் தலைக்குமேல் ஆட்டியபடி ரமீரோ குதிக்கிறான். இன்று தாமதம் அவன் மட்டும்தான்.