மிட்டாய்க்கு உடம்பு சரியில்லை

“பூனைக்கெல்லாம் இங்க வைத்தியம் பண்றதில்ல சாமி. இது மாட்டாஸ்பத்திரி,” என்றார் கம்பவுண்டர் அப்பாசாமி.

வேதாந்தம் நகர்வதாக இல்லை. மனைவி ரங்கநாயகியோடு மகாபலிபுரத்தில் முதல் பஸ்ஸைப் பிடித்து, மூடிய பிரம்புக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு செங்கல்பட்டு வரை வந்தவர். முப்பது வருஷம் வாத்தியார் வேலை பார்த்த குரல் அவருக்கு.

“மாட்டுக்கும் நாலு கால், இதுக்கும் நாலு கால். டாக்டரைக் கூப்பிடும்.”

டாக்டர் ஞானதாஸ் தானே எட்டிப் பார்த்தார். இளவயதுக்காரர். மாட்டையும் குதிரையையும் பற்றிக் காலேஜில் வண்டி வண்டியாகப் படித்தவர். பூனைக்கு ஒதுக்கியது இரண்டே பக்கம். அந்த ஐம்பத்தாறாம் வருஷம் வரைக்கும் அந்த ஆஸ்பத்திரி வாசலை ஒரு பூனையும் மிதித்ததில்லை. இருந்தாலும் கூடையைத் திறக்கச் சொன்னார்.

சாம்பல் நிறத்தில் வரிவரியாக ஒரு பூனை. பெயர் மிட்டாய். ஒன்பது நாளாகச் சாப்பாட்டைத் தொடவில்லையாம். ஊசி போட்டால் பார்க்க மாட்டேன் என்று ரங்கநாயகி வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

டாக்டர் இமையை விலக்கிப் பார்த்தார், காமாலை இல்லை. வயிற்றை அமுக்கிப் பார்த்தார். கல்லீரல் வீங்கவில்லை, கட்டியும் இல்லை. சுரமும் இல்லை. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டார். தயிர்சாதம்தான், பன்னிரண்டு வருஷமாக அதுதான் என்றார் வேதாந்தம்.

டாக்டர் பூனையின் உதட்டைத் தூக்கினார். “பன்னிரண்டு வயசுப் பூனைக்குப் பல்லு இவ்ளோ வெள்ளையா இருக்காதே.”

வேதாந்தம் வாசலைத் திரும்பிப் பார்த்துக்கொண்டார். பிறகு குரலைத் தாழ்த்தி எல்லாவற்றையும் சொன்னார்.

அவர்களுக்கு ஒரே பெண், பத்மாசனி. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பாவாடையில் பொத்தி ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தான் தின்ற மிட்டாயில் பாதியைக் கடித்து அதற்கும் ஊட்டப் பார்த்தாள். அது துப்பிவிட்டது. அதனாலேயே அந்தப் பெயர். கடற்கரையில் அவள் ஓட, பின்னாலேயே அதுவும் ஓடும். ஊரே சிரிக்கும். சுதந்திரம் வந்த வருஷம் டைபாய்டு காய்ச்சலில் குழந்தை போய்விட்டாள். எப்பேர்ப்பட்ட குழந்தை!

நாலு வருஷத்துக்கு முன்னால், ரங்கநாயகி தங்கை வீட்டுக்குப் போயிருந்த சமயம் மிட்டாயும் செத்துவிட்டது. வேதாந்தம் அதைக் கிணற்றடியில் புதைத்துவிட்டு, ஊர் ஊராக அலைந்து, மதுராந்தகத்தில் தெரிந்த வைஷ்ணவர் வீட்டிலிருந்து அதே நிறத்தில் ஒன்றைக் கொண்டுவந்து விட்டார்.

“அவளுக்குக் கண் கொஞ்சம் மங்கல், டாக்டர். தெரியவே இல்லை. சாயங்காலமானா இதுகிட்ட உக்காந்துண்டுதான் குழந்தையைப் பத்திப் பேசறா. இதுவும் போயிட்டா அவ வாயே திறக்க மாட்டா. எப்படியாவது பிழைக்க வையுங்கோ.”

டாக்டருக்கு என்ன மருந்து கொடுப்பதென்றே புரியவில்லை. இல்லாத நோய்க்கு எந்த மருந்தைக் கொடுப்பது?

பக்கத்து அறையில் அப்பாசாமி சாப்பிட உட்கார்ந்து தூக்குச்சட்டியைத் திறந்தார். கருவாட்டுக் குழம்பு. மூச்சு விடவே சோம்பல்பட்டுக் கிடந்த மிட்டாய் மேஜையிலிருந்து ஒரே தாவலில் அங்கே போய்விட்டது.

“சாவக் கெடக்குதுன்னு சொன்ன பூனையா இது? என் சோத்தை முழுங்கிக்கினு கீது!” என்று அப்பாசாமி கத்தினார்.

டாக்டர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். உடம்புக்கு ஒன்றுமில்லை, வெறும் பட்டினிதான், இது பிறந்ததிலிருந்து மீன் தின்று வளர்ந்த பூனை என்றார். வேதாந்தம் மேல்துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். மதுராந்தகத்து வீட்டில் வெங்காயம்கூடச் சேர்க்க மாட்டார்களே! கடைசியில் அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்தார். கடற்கரைக் குப்பத்துப் பக்கம் போய்ச் சகவாசத்தால் கெட்டுப்போயிருக்கும் என்றார். அவர் வகுப்பில் எத்தனையோ நல்ல பையன்கள் அப்படிக் கெட்டிருக்கிறார்கள்.

அதெல்லாம் சரி, அவர்கள் குடியிருக்கும் பெருமாள் கோயில் தெருவில் மீனுக்கு எங்கே போவது? டாக்டர் அலமாரியிலிருந்து ஒரு பாட்டில் மீன் எண்ணெயை எடுத்தார். சோற்றில் நாலு சொட்டு விட்டுப் பிசையச் சொன்னார். பாட்டிலில் வந்தால் மருந்து; மருந்துக்கு எந்த வீட்டிலும் தடை கிடையாது. வேதாந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனைவியைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லிவிட்டு, திரும்பும் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரிக்கப் போனார்.

ரங்கநாயகி உள்ளே வந்தாள். வாயெல்லாம் குழம்போடு இருந்த பூனையைப் புடவைத் தலைப்பால் துடைத்துக் கூடைக்குள் விட்டாள். வாசலைப் பார்த்துக்கொண்டே டாக்டரிடம் மெதுவாகக் கேட்டாள்.

“குப்பத்துப் பக்கம் போய்தான் மீன் பழகித்துன்னு அவர் நிஜமாவே நம்பிட்டாரா?”

“நம்பிட்டார். ஏன் கேக்கறீங்க?” என்றார் டாக்டர்.

“என்கிட்ட நேரா அவரால குழந்தையைப் பத்திப் பேச முடியாது, டாக்டர். இது நடுவில இருந்தாத்தான் பேச்சு வரும். அதான் இத்தனை பாடு.” கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டாள். “அவர் மதுராந்தகத்துலேர்ந்து கொண்டுவந்தாரே, அது பத்து நாளைக்கு முன்னாடியே போயிடுத்து. இது, உப்பு விக்க வர்ற சாராள்கிட்ட சொல்லி, கோவளத்து மீன்காராள் குப்பத்துலேர்ந்து நான் வரவழைச்சது.”