வரதராசாவுக்கு எதிராக ஒரு கை

"அப்ப பொருளாளராய் வரதராசா அண்ணையே தொடர்ந்து இருக்கட்டும். எல்லாருக்கும் சம்மதம்தானே?"

தலைவர் தில்லைநாதன் கேட்டு முடிக்கவில்லை.

"எனக்குச் சம்மதமில்லை!"

மோர்டென்ஸ்ருட் பள்ளி மண்டபமே திரும்பிப் பார்த்தது. பின்வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டு நின்றார் லோறன்ஸ்.

அந்தப் புலம்பெயர் தமிழர் சங்கத்தில் பன்னிரண்டு வருடமாகப் பொருளாளர் தெரிவு என்றால் ஒரே முறைதான். "இந்த வருசம் என்னை விடுங்கோ" என்பார் வரதராசா. சனம் கைதட்டும். அவர் சிரித்துக்கொண்டு இருந்துவிடுவார். வாக்கெடுப்பு என்ற ஒன்றையே யாரும் கண்டதில்லை.

"என்ன விசர்க்கதை இது?" என்றார் தில்லைநாதன். "அண்ணையின்ர கணக்கு எப்பவாவது பிழைச்சிருக்கோ?"

"பிழைக்கேல்லை. பிழைக்கிறதுக்கு முதல் மாத்துங்கோ எண்டுறன்."

அவ்வளவுதான். மண்டபம் கொதித்தது.

"பாத்தியளே வாயை! பிழைக்கிறதுக்கு முதலாம்!"

"நேரா கள்ளன் எண்டு சொல்லன்ரா!"

தில்லைநாதன் மேசையில் அடித்தார். "லோறன்ஸ்! வடக்கை பாட்ஸ்பியோர்ட் ஊர்க் குளிருக்கை போக இடமில்லாமல் நிண்ட உன்னைக் கூட்டிக்கொண்டு போய் மீன் பக்டரியிலை சேர்த்துவிட்டது ஆர்? சொல்லு!"

"வரதராசா அண்ணைதான்."

"தன்ர கட்டிலிலை உன்னைப் படுக்கவிட்டிட்டுக் கீழை படுத்தது ஆர்?"

"அதுவும் இவர்தான். அதுக்கு?" லோறன்ஸின் குரல் இன்னும் ஏறியது. "சங்கக் காசுப்பெட்டி என்ன சீதனமோ, ஒரு வீட்டிலையே கிடக்க? இந்த நாட்டு நிதியமைச்சரையே மாத்துறாங்கள். உங்களுக்கு மட்டும் ஆயுளுக்கும் ஒரு ஆளோ? நான் மிதுனாவை முன்மொழியிறன். வங்கியிலை வேலை செய்யிற பிள்ளை."

"ஓகோ! மிதுனாவின்ர தேப்பனிட்டை என்ன வாங்கினனீ?"

லோறன்ஸ் வாயைத் திறந்தார். பிறகு பல்லைக் கடித்துக்கொண்டு மூடிவிட்டார். ஆளின் சுபாவத்துக்கு அது புதுமை.

முன்வரிசையில் வரதராசா மடியிலிருந்த கணக்குக் கோப்பைத் தடவிக்கொண்டு இருந்தார். அன்று கணக்கறிக்கையைக்கூட மனைவி புஷ்பராணிதான் வாசித்தார். வரதராசாவுக்குத் தொண்டை கட்டிவிட்டதாம்.

"இவ்வளவு கேட்டும் ஒரு சொல் திருப்பிச் சொல்லுறாரோ பாருங்கோ. அதுதான் பெரிய மனிசன்" என்று ஒரு பெண் கண்ணைத் துடைத்தாள்.

மிதுனா எழுந்தாள். இந்த நாட்டிலேயே பிறந்தவள், இந்தச் சத்தம் அவளுக்குப் பிடிபடவில்லை. "ஒரு பதவிக்கு ரெண்டு பேர் எண்டால் வால்க், தேர்தல் தானே மாமா? ரகசியமாய் வாக்குப் போடுவம். இதுக்கேன் சண்டை?"

வாக்குத் துண்டுகள் கொடுக்கப்பட்டன. பெரியவர்கள் வரதராசாவுக்குப் போட்டார்கள். இளசுகள் மிதுனாவுக்கு.

மூன்று வாக்கு வித்தியாசத்தில் வரதராசா தோற்றார்.

யாரும் கைதட்டவில்லை. தேத்தண்ணி கொண்டுவந்தவள் லோறன்ஸைக் கண்டதும் தட்டை அடுத்த பக்கம் திருப்பினாள்.

"இனி என்ர வாசல்படி மிதிச்சிடாதை" என்றார் தில்லைநாதன்.

"கூப்பிட்டாலெல்லோ மிதிக்க!"

லோறன்ஸ் ஜாக்கெட்டை இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியேறினார். கார் தரிப்பிடத்துக்கு அவர் போய்ச் சேரவில்லை, பின்னால் புஷ்பராணியின் குரல் கிழித்தது.

"நில்லடா! நல்லாயிருப்பியோ நீ? தின்ன சோத்துக்குத் துரோகம் செய்துபோட்டியே!"

ஒரு கையில் கணவரைப் பிடித்தபடி விறுவிறுவென்று வந்தார். மண்டப வாசலில் சனம் கூடிவிட்டது. கன்னத்தில் விழப்போகும் அறையைப் பார்க்க ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டு நின்றார்கள்.

புஷ்பராணி கிட்ட வந்தார். குரல் இறங்கியது.

"தம்பி... நான் கேட்டதுக்காக இவ்வளவு பேச்சும் வாங்கினியே. வீட்டிலை இவர் விலகிறன் எண்டுறார், இஞ்சை கைதட்டினவுடனை அதெல்லாம் மறந்துபோயிடுது. வேறை வழி தெரியேல்லையடா எனக்கு." புறங்கையால் கண்ணைத் துடைத்தார்.

"அழாதேங்கோ அக்கா. கையை நீட்டி இன்னும் கொஞ்சம் ஏசுங்கோ. பாத்துக்கொண்டு நிக்கினம்."

"உண்மையைச் சொல்லியிருக்கலாமோ?"

"சொல்லக்கூடாது. சொன்னால் பழைய கணக்கெல்லாத்தையும் கிண்டுவினம். இந்தச் சனம் நோய் வருத்தம் எண்டு சொல்லாது அக்கா, களவு எண்டுதான் சொல்லும். கெட்ட பேர் என்னோடை போகட்டும். எனக்கு அது பழகினது. ம், ஏசுங்கோ!"

"நாசமாய்ப் போவாய்!" என்று கத்தினார் புஷ்பராணி, கண்ணீர் வழிய.

வாசலில் நின்ற சனத்துக்குத் திருப்தி.

வரதராசா அப்போதுதான் லோறன்ஸைக் கண்டார். முகம் மலர்ந்தது. கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவருடைய தோளில் கைபோட்டார்.

"லோறன்ஸ், நீயும் வந்திட்டியோ? வா, வா, கெதியா உள்ளை போவம். கூட்டம் துவங்கப்போகுது."