திமிங்கிலக் கப்டனின் ராகுகாலம்

வாசிக்கத் தெரியாத கடிதத்தை வாசித்துக் காட்டிச் சம்பளம் வாங்குவது களவா, இல்லையா? நீங்களே சொல்லுங்கோ.

பிரியந்தியின் புருசன் மிதுசன் களவு என்றுதான் சொன்னான். ஜான்-டலோன் சந்தையில் நாள் முழுக்கத் தக்காளி அடுக்கிவிட்டு வந்து, அவள் சோற்றில் கை வைக்கும் நேரம் பார்த்து நியாயம் கதைப்பான்.

"கண் தெரியாத மனுசியை ஏமாத்திறாய். பிடிபட்டால் வேலை போகும், சொல்லிப்போட்டன்."

அந்தப் பயம் அவளுக்கும் இல்லாமல் இல்லை. மகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் கார்டெரிக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு வேலை எங்கே கிடைக்கும்?

புவாண்ட்-கிளேரில் கண் தெரியாமல் தனியாக இருக்கும் மடாம் ஷெரோனுக்குச் சமைத்துக் கொடுத்து, பின்னேரத்தில் கொஞ்சம் வாசித்துக் காட்டுவதுதான் வேலை. இங்கிலீஷ் வாசிப்பாயோ என்று முதல்நாள் கேட்டபோது பிரியந்தி ஓம் என்றாள். பொய்யில்லை. அச்சடித்தது எதைக் கொடுத்தாலும் வாசிப்பாள்.

மடாம் கொடுத்ததோ ஒரு பெட்டி பழைய கடிதம். அவருடைய பூட்டனார் கஸ்பே பக்கத்தில் திமிங்கிலம் பிடிக்கும் ஊரில் கப்பல் கப்டனாம். நூற்றைம்பது வருசத்துக்கு முந்திக் கடலிலிருந்து பெண்சாதிக்கு எழுதியவையாம். எழுத்தைப் பார்த்தால், மைப்போத்தலில் விழுந்த நண்டு எழும்பி ஓடின மாதிரி இருந்தது.

சமாளிப்பதற்கு ஒரு வரி எடுத்துவிட்டாள். "என் அன்பு மனைவிக்கு, சாப்பிட்டாயா?"

சாய்ந்திருந்த ஷெரோன் நிமிர்ந்தார். "அப்பிடியோ எழுதியிருக்கிறார்? மேலே வாசி."

பிறகென்ன. காலையில் பிரியந்தி வீட்டில் நடந்ததெல்லாம் பின்னேரம் கப்டனின் கடிதத்தில் வந்துவிடும். அவள் மகளுக்குப் பல் முளைத்தால், கப்டன் தன் பிள்ளையின் பல்லை விசாரிப்பார். பிள்ளை பெற்ற பெண்சாதி மிளகு, மல்லி அரைத்த சரக்குக் கறி சாப்பிட்டாளா, காதில் குளிர்காற்றுப் படாமல் துணி கட்டினாளா என்று நடுக்கடலில் இருந்து கவலைப்படுவார். ஒரு செவ்வாய்க்கிழமை, கப்பலுக்குப் பக்கத்திலேயே ஒரு திமிங்கிலம் வந்து மூச்சு விட்டதாம். ராகுகாலம் முடியட்டும் என்று கப்டன் ஈட்டியைக் கீழே வைத்தாராம். முடிந்து பார்த்தால் திமிங்கிலத்தைக் காணோமாம்.

மிதுசன் தலையில் கை வைத்தான். "திமிங்கிலம் பிடிக்கிற வெள்ளைக்காரன் ராகுகாலம் பாப்பானே?"

"கடலுக்குப் போறவன் எல்லாம் ஏதோ ஒண்டு பாப்பான்தானே."

மாசி மாதத்தில், அந்தப் பெட்டியை எடுத்துப் போக ஒரு அருங்காட்சியகத்திலிருந்து றோசா என்றொரு பெண் வந்தாள். கடிதங்களை அவர்களுக்கே கொடுத்துவிட ஷெரோன் முடிவு செய்திருந்தார். பழைய கையெழுத்தை வாசிப்பதுதான் றோசாவின் உத்தியோகம்.

பிரியந்தி குசினிக்குள் நழுவப் பார்த்தாள். றோசா விடவில்லை. இந்த எழுத்துப் பிடிபட எங்களுக்கே வருசக்கணக்காகும், நீங்கள் எப்படிப் பழகினீர்கள், ஒன்று வாசித்துக் காட்டுங்கள் என்று ஆசையோடு ஒரு தாளை நீட்டினாள்.

பிரியந்தி தாளை வாங்கினாள். ஷெரோனும் காதைக் கொடுத்துக்கொண்டு இருந்தார். வேறு வழியில்லை.

"என் அன்பு மனைவிக்கு, இருமல் எப்படி இருக்கிறது? கொத்தமல்லி அவித்துக் குடி. ஈரத்தலையோடு படுக்காதே."

றோசா தாளை வாங்கி ஒருதரம் பார்த்தாள். பிறகு பிரியந்தியைப் பார்த்தாள்.

"இதில இருக்கிறது வேற. 'பன்னிரண்டு பீப்பாய் எண்ணெய் வருகிறது. கூரையைத் திருத்து. விளக்கை வீணாக எரிக்காதே.' இவ்வளவும்தான்."

இந்தப் பெண் இத்தனை நாளும் உங்களை ஏமாற்றியிருக்கிறாள் என்று ஷெரோனிடமும் சொன்னாள்.

பிரியந்தி மறுக்கவில்லை. தெரியாது என்று முதல்நாளே சொல்லியிருக்க வேணும், வேலை போய்விடும் என்ற பயத்தில் விட்டுவிட்டேன், மன்னிச்சுக்கொள்ளுங்கோ மடாம் என்றுவிட்டுக் குளிர் ஜாக்கெட்டை எடுத்தாள்.

"அதைக் கொழுவிப்போட்டு வந்து இரு," என்றார் ஷெரோன். புத்தக அலுமாரியின் கீழ்த்தட்டைப் பார்க்கும்படி றோசாவிடம் சொன்னார்.

அங்கே பெட்டியிலிருந்த கடிதங்கள் எல்லாம் டைப் அடித்து, நூல் போட்டுக் கட்டியிருந்தன. கண் தெரிந்த காலத்தில் ஷெரோனே இருந்து அடித்தவை. ஒரு வரி விடாமல் அவருக்கு மனப்பாடம்.

பிரியந்தி ஜாக்கெட்டும் கையுமாக நின்றாள். "அப்ப ஏன் மடாம் என்னைக் கொண்டு வாசிப்பிச்சனீங்கள்?"

"கப்டனின்ர மனுசி அவருக்கு ஆறு பிள்ளை பெத்தவள். ஒருநாளாவது சுகமோ எண்டு கேட்டு அவர் எழுதேல்லை. நீ வந்த பிறகுதான் கேக்கத் தொடங்கினவர்."

பெட்டியை நீ தாராளமாகக் கொண்டு போகலாம் என்று றோசாவுக்குக் கையைக் காட்டிவிட்டு, ஷெரோன் மேசையைத் தடவினார். அன்று தபாலில் வந்த கரண்ட் பில் அகப்பட்டது. அதைப் பிரியந்தியிடம் நீட்டினார்.

"இரு, பிள்ளை. அவர் எப்ப வீட்டை வாறாராம் எண்டு வாசி."