மூன்றாம் நாள் இரவு

"நாப்பத்தோரு பவுண்டு!" என்று கத்தினான் ஏழு வயது ஏமஸ். குளியலறை எடை மெஷினை வரவேற்பறை நடுவில் போட்டு, ஒவ்வொரு முதுகுப் பையாக ஏற்றி நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, உங்களுக்குத்தான் முதுகு வலியாச்சே. இதை எப்படித் தூக்குவீங்க?"

முதுகு வலி என்று சொல்லித்தான் டேரன் நவம்பர் மாதத்திலிருந்து கீழ்த்தளத்து சோபாவில் படுத்துக்கொள்கிறான்.

"இப்போ பரவால்லடா."

மேஜையில் சாப்பாட்டுப் பட்டியல் எழுதிக்கொண்டிருந்த அவன் மனைவி நோரீன் தலை நிமிரவில்லை. ஓட்ஸ், கடலை வெண்ணெய், சூப் பொடி என்று பேனா போய்க்கொண்டே இருந்தது.

வசந்த விடுமுறைக்கு இன்னும் ஒன்பதே நாள். சால்ட் லேக் சிட்டியில் தெருவோரப் பனி கரையவில்லை. தெற்கே செம்பாறைப் பள்ளத்தாக்குகளில் மட்டும் மார்ச்சிலேயே நடக்கலாம். கூடாரம், அடுப்பு, படுக்கை எல்லாவற்றையும் முதுகில் சுமந்துகொண்டு நாலு நாள் நடை.

இந்தப் பயணத்தை ஜனவரியில் கேட்டவள் பதினோரு வயது டெல்லா. புருஷனும் மனைவியும் மறுபேச்சில்லாமல் சரி என்றார்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு இருவரும் சேர்ந்து சரி என்ற விஷயம் அது ஒன்றுதான்.

டெல்லா தரையில் விரித்த வரைபடத்தின் மேல் குப்புறப் படுத்திருந்தாள். டேரன் பக்கத்தில் மண்டியிட்டு ஒரு கோட்டைக் காட்டினான்.

"இந்த வழி நல்லா இருக்கும்மா. அருவி இருக்கு. ரோடும் பக்கத்துலயே வருது, ஏமஸ் களைச்சுட்டா பாதியில திரும்பிடலாம்."

"வேண்டாம்பா. பாதியில திரும்புற வழியே வேண்டாம்." அவள் விரல் வேறொரு ஓடையைப் பிடித்துக்கொண்டு போனது. "இதுல முதல் நாள் ராத்திரியே ரோட்டை விட்டு அஞ்சு மைல் உள்ள போயிடுவோம். செல்போனும் எடுக்காது."

"பெரிய வீராங்கனைதான்" என்றாள் நோரீன். குரலில் பாராட்டும் இல்லை, கேலியும் இல்லை.

ஏமஸ் ஒரு சின்ன ஆரஞ்சு மண்வெட்டியைத் தூக்கிக் காட்டினான். "இது எதுக்கு?"

"குழி தோண்ட. காலையில ஆய் போகணும்ல?" என்றான் டேரன்.

"வெளியிலயா? கரடி பார்த்துடாதா?"

"பார்த்தா அதுவே மூக்கைப் பிடிச்சுட்டு ஓடிடும்" என்றாள் டெல்லா.

நாலு பேரில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

கூடாரத்தை எடுத்துவர டேரன் கார் ஷெட்டுக்குப் போனான். நோரீன் பின்னாலேயே வந்து கதவைச் சாத்தினாள்.

"அபார்ட்மென்ட் கிடைச்சுடுச்சு. ஏப்ரல் ஒண்ணாம் தேதி சாவி தர்றாங்க" என்றான்.

"சரி."

"அன்னிக்குப் பேசினபடியே மூணாவது நாள் ராத்திரி சொல்லிடலாம். நெருப்பு மூட்டி, சுத்தி உட்கார்ந்து..."

"அங்க நெருப்பு மூட்டக் கூடாதுன்னு பெர்மிட்லயே போட்டிருக்கு."

"சரி, நெருப்பில்லாம."

"அதுவரைக்கும் புள்ளைங்க சந்தோஷமா இருக்கட்டும்" என்றாள். "யார் சொல்றது?"

"நான் ஆரம்பிக்கிறேன். நீ பக்கத்துல இரு, போதும்."

"இருக்கேன்."

பதினாலு வருடக் கல்யாணத்தை முடிக்கிற பேச்சு ஒரு நிமிடத்தில் முடிந்துவிட்டது. அழுகை வருமோ என்று பார்ப்பதுபோல் இருவரும் கொஞ்சம் நின்றார்கள். வரவில்லை. கூடாரப் பொட்டலத்தின் ஒரு பக்கத்தை அவன் பிடித்தான், மறுபக்கத்தை அவள் பிடித்தாள்.

உள்ளே வந்தபோது ஏமஸைக் காணோம். பின்புறத் தோட்டத்தில் மிச்சமிருந்த பனியை மண்வெட்டியால் குத்திக்கொண்டிருந்தான். டெல்லா மட்டும் வரைபடத்தில் பென்சிலால் ஏதோ குறித்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, மூணாவது நாள் வேண்டாம்."

டேரன் கூடாரத்தை மெல்லக் கீழே வைத்தான். "என்ன மூணாவது நாள்?"

"சொல்றது. முதல் நாளே சொல்லிடுங்க. அப்பதான் ஏமஸ் அழுது முடிக்க நாள் இருக்கும்."

நோரீன் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்தாள். "நீ... இப்ப கதவுக்கிட்ட நின்னு கேட்டியா?"

"இல்லம்மா. இப்ப கேட்கல." டெல்லா பென்சிலைச் சீவ ஆரம்பித்தாள். "கீழ அப்பா ரூம்ல பேசுறதெல்லாம் ஹீட்டர் குழாய் வழியா என் ரூமுக்குக் கேட்கும். கிறிஸ்துமஸ்லேர்ந்தே தெரியும். மூணாவது நாள்னு போன ஞாயித்துக்கிழமையே பேசிட்டீங்கல்ல."

"ஏமஸுக்கு?"

"தெரியாது. அவன் உண்மையாவே முதுகு வலின்னு நினைச்சுட்டிருக்கான்."

வெளியே மண்வெட்டி பனியில் இறங்கும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. கிறிஸ்துமஸ் முடிந்த அடுத்த வாரம்தான் இவள் பள்ளத்தாக்குக்குப் போகலாம் என்று வந்து நின்றாள் என்பது டேரனுக்கு மெதுவாகத்தான் உறைத்தது.

"எல்லாம் தெரிஞ்சும் ஏன்டா கண்ணு இந்த ட்ரிப்பைக் கேட்ட?"

டெல்லா பென்சில் சீவலை ஊதித் தள்ளினாள். முதல் முறையாக இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

"வீட்டுல சொன்னா, சொன்ன உடனே ஒருத்தர் எழுந்து போயிடுவீங்க."