ஒட்டுத் தெரியாத கதவு

"அவர் நாலு மணிக்கு வந்துடுவார் பாய். ஒட்டுப் போட்டது தெரியவே கூடாது" என்றாள் ஜெயஸ்ரீ, மூன்றாவது முறையாக.

படுக்கையறைக் கதவில் உள்ளங்கை அகலத்துக்குப் பிளவு. யாரோ சுத்தியலால் ஓங்கி அடித்த தடம். எப்படி ஆனது என்று முனீர் காலையிலேயே கேட்டிருந்தான். அவள் கூலி எவ்வளவு என்று பேச்சை மாற்றிவிட்டாள்.

சேலையூரில் இருபது வருடமாகத் தச்சு வேலை செய்பவனுக்கு இது புரியாதா? இவளோ பிள்ளையோ எதையோ செய்துவிட்டு, புருஷனுக்குப் பயந்து மறைக்கிறாள். அவன் தங்கை ரூக்சாரும் இப்படித்தான் பயந்து பயந்து வாழ்ந்தாள். ஒரு கண்ணாடி ஜாடி உடைந்ததற்குப் புருஷனிடம் வாங்கிய அடி, இன்னும் அவள் நெற்றியில் தழும்பாக இருக்கிறது. முகம் தெரியாத அந்தப் புருஷன் மேல் முனீருக்கு எரிச்சல் வந்தது.

உடைந்த இடத்தை வெட்டி எடுத்துத் தேக்குத் துண்டைப் பொருத்தியதில் சிரமம் இல்லை. உப்புத்தாள் போட்டதும் விரலுக்கே தட்டவில்லை. நிறம்தான் படுத்தியது. கதவு முப்பது வருடம் பழுத்தது. துண்டு வெளிறிக் கிடந்தது. காவி கலந்த பாலிஷைத் தடவினான். காய்ந்ததும் சிவப்புத் தூக்கியது. ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு, கறுப்பு ஒரு சிட்டிகை சேர்த்தான். இருண்டுபோயிற்று. மறுபடி துடைத்தான்.

சாப்பிடக்கூடப் போகவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு தடவை, லைட்டைப் போட்டு ஒரு தடவை என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் மெல்லிய பிரஷ்ஷால் மரத்தின் ரேகைகளையும் இழுத்துவிட்டான். எது கதவு, எது துண்டு என்று அவனுக்கே தெரியவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்பிவிட்டார்கள் என்பதற்கு அடையாளமாக அவள் செல்போனில் மிஸ்டு கால் வந்தது. முகம் வெளுத்தது. பாலிஷ் வாடை போக ஃபேனைச் சுழலவிட்டு, சாம்பிராணியும் போட்டாள்.

வாசலில் ஆட்டோ நின்றது. தன் தம்பியின் தோளைப் பிடித்துக்கொண்டு இறங்கினார் அவள் கணவர் தனசேகர். எலும்பும் தோலுமாக இருந்தார். தம்பியின் கையில் ஆஸ்பத்திரிப் பை. உட்காரச் சொன்னதைக் காதில் வாங்காமல் நேராகக் கதவிடம் வந்து, மேலும் கீழும் தடவிப் பார்த்தார்.

"இந்த இடம்தானே ஜெயா? பாப்பா உள்ள இருந்தா. நான் சுத்தியலை எடுத்துட்டு வந்து..." குரல் உடைந்தது.

"எத்தனை தடவை சொல்றது? அது ஜுர வேகத்துல வந்த கனவுங்க."

நம்ப முடியாமல் அவர் முனீர் பக்கம் திரும்பினார். "நீங்க எதுக்கு வந்தீங்க பாய்?"

முனீர் அவர் கண்களைப் பார்த்தான்.

"கீல் சத்தம் போடுதுன்னு கூப்ட்டாங்க சார், எண்ணெய் வுட்டேன்" என்றான். "மத்தபடி கதவுல ஒரு கீறல்கூட இல்ல."