புது உறை

ஹாம்பர்க்கில் தம்பதிகள் ஜோடி மாறிக் கூடும் கிளப், ஞாயிறு மத்தியானம். சிவப்பு விளக்கடியில் துண்டு மட்டும் கட்டி உட்கார்ந்திருக்கிறோம். எதிரே உட்கார்ந்த ஃபோல்க்மார் தன் வைப்ரேட்டரை என் மனைவி ரெனாட்டேயிடம் நீட்டுகிறான். அது வண்டு மாதிரி முனகுகிறது. ஆள் மாறினால் அதன்மேல் மாட்டும் ஆணுறையும் மாற வேண்டும் என்பது இங்கே சட்டம். போன குளிர்காலம் எவனோ மாற்றாததால் அவள் நோய் தொற்றி ஒரு மாதம் ஊசியும் மாத்திரையுமாகக் கிடந்தாள்.

"புது உறைதானா?" என்கிறேன்.

"இப்பத்தான் மாட்டினேன் பெரியவரே. போலீஸ்காரன் மாதிரி பாக்காதீங்க."

யாரோ சிரிக்கிறார்கள். உறை பளபளக்கிறது, களிம்பினாலா, இன்னொருத்தியின் ஈரத்தாலா, இந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. குனிந்து அவன் காலடிக் குப்பைக்கூடையைப் பார்க்கிறேன். உள்ளே ஒன்றுமே இல்லை.

"அப்ப கிழிச்ச பாக்கெட்டைத் தின்னுட்டியா?"

சிரிப்பு நிற்கிறது. அவன் கண் கதவுப் பக்கம் போகிறது. ரெனாட்டே நீட்டிய கையை இழுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொள்கிறாள்.